அமாங்: ஒதுக்கிவைத்த கரிய மணலின் பயணம்

சுங்கை புரோங் வயலில் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாலும் ஒரு கூழாங்கல் அகப்படாது. கடலும் ஆறும் சேர்ந்து படியவைத்த களிமண் அது. பெர்னாம் ஆற்றுத் தண்ணீர் தெங்கி ஆற்றின் வழியாக வாய்க்காலில் இறங்கி, சாவா செம்படான், சுங்கை புரோங், செகிஞ்சான் என்று ஊர் ஊராகப் பாய்ந்து நெல்லாகிறது.

சுங்கை புரோங் இருக்கும் அதே கோலா சிலாங்கூர் மாவட்டத்தில் உள்நாட்டுப் பக்கம் திரும்பி, செம்பனைத் தோட்டங்களின் நடுவே பத்தாங் பெர்ஜுந்தைக்குப் போங்கள். அங்கே மண் வெளுத்துவிடும். சீனி கொட்டியதுபோல் வெள்ளை மணல், அதன் இடையிடையே நீலமும் பச்சையுமாய்த் தண்ணீர் தேங்கிய குட்டைகள். சின்னதும் பெரியதுமாய் நானூற்றுக்கு மேல் இருக்கின்றன. 2007இல் ஊரின் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். குட்டைகளை இன்றும் ஈயக்குட்டை என்றுதான் சொல்கிறோம்.

அந்த மணல்மேட்டில் மழைத் தண்ணீர் ஓடிய தடத்தைக் குனிந்து பாருங்கள். வெள்ளை மணலின் மேல் மை தீட்டியதுபோல் கரிய கோடுகள் தெரியும். ஒரு பிடி அள்ளினால், அளவுக்கு மிஞ்சிய கனம் கையில் இறங்கும். ஈயம் எடுத்தவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய இந்த மணலுக்கு அமாங் என்று பெயர். மின்சார வண்டிக்கும் காற்றாலைக்கும் வேண்டிய அரிய தனிமங்கள் இதற்குள் இருக்கின்றன. இதைப் போன்ற மணலுக்காகவும் பாறைக்காகவும் இன்று வல்லரசுகள் பேரம் பேசுகின்றன. ஆகவே இதன் கதையைப் பிறப்பிலிருந்து சொல்லவேண்டியிருக்கிறது.

மலையில் பிறப்பு

தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பாகக் கிடக்கும் தித்திவாங்சா மலைத்தொடர் ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உருகிக் கிடந்து ஆறிய கருங்கல். அது ஆறும்போது ஈயத் தாதுவான காசிட்டரைட் கல்லின் பிளவுகளில் ஒதுங்கியது. கூடவே இல்மனைட், சிர்க்கான், மோனசைட், செனோடைம் என்னும் மணிகளும் கல்லுக்குள் உறைந்தன.

பிறகு மழையின் வேலை. கோடிக்கணக்கான ஆண்டுகள் கல்லை அரித்து ஆற்றில் இறக்கியது. மெல்லியது கடற்கரை வரை மிதந்து போய்ச் சேறாயிற்று. கனத்தது வழியிலேயே பள்ளத்தாக்குகளில் தங்கிவிட்டது. புரோங் வயலின் களியும் பெர்ஜுந்தையின் கரிய மணலும் ஒரு வகையில் உடன்பிறப்புகள்.

கப்பல் ஓடிய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் உலகத்து ஈயத்தில் பாதிக்கு மேல் மலாயாவில் கிடைத்தது. சீனத் தொழிலாளர்கள் மண்ணை நீரால் கரைத்து, பாலோங் என்னும் நீண்ட மரப்பாத்தியில் ஓடவிட்டு ஈயம் பிரித்தார்கள். பெண்கள் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று டூலாங் என்னும் மரத்தட்டைச் சுழற்றிச் சுழற்றி அரித்தார்கள்.

1913இல் பேராக் மாநிலத்தின் பத்து காஜாவில் வாளிகள் கோத்த சங்கிலியோடு மிதக்கும் இயந்திரம் வந்தது. மலாய்க்காரர்கள் அதைக் கப்பால் கோரேக் என்றார்கள், தோண்டும் கப்பல் என்று பொருள். தனக்கான குளத்தைத் தானே தோண்டிக்கொண்டு, முன்னால் மண்ணை அள்ளி, வயிற்றுக்குள் சலித்து, பின்னால் வெறும் மணலைக் கொட்டிக்கொண்டே நகரும். பெர்ஜுந்தையில் ஓடிய கப்பல்கள் பெர்ஜுந்தை டின் டிரெட்ஜிங் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. நாட்டின் பெரிய ஈய நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. சுற்றிலும் கித்தா என்னும் ரப்பர்க் காடுகள். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் படுத்திருந்தவர்களின் காதில், காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக்கு மணி அடிக்கும் முன்பே அந்தச் சங்கிலியின் ஓசை விழுந்துகொண்டிருக்கும்.

ஈயம் பினாங்குக்கும் பட்டர்வொர்த்துக்கும் உலைக்குப் போய்க் கட்டியாகிக் கப்பலேறியது. அதில் தகர டப்பா செய்தார்கள், கம்பிகளைப் பற்றவைத்தார்கள். தமிழ் வீட்டில் ஈயத்துக்குத் தனி இடம் உண்டு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசினோம். ரசம் வைக்க ஈயச் செம்பு வைத்திருந்தோம். வெறுஞ்செம்பை அடுப்பில் ஏற்றக்கூடாது என்பது அந்த வீடுகளில் பெண்பிள்ளைகள் முதலில் கற்ற பாடங்களுள் ஒன்று. 232 டிகிரியிலேயே உருகிவிடும் உலோகம் அது. முதலில் புளித்தண்ணீரை ஊற்றி, அதன்பிறகே தீயில் வைப்பார்கள். அந்தப் பாடத்தின் அருமை இந்தக் கதையின் கடைசியில் விளங்கும்.

அமாங் கொட்டகை

சலித்த ஈய மணலோடு, ஈயத்தைப் போலவே கனமாய் ஆனால் ஈயம் அல்லாமல் ஒட்டிக்கொண்டு வந்த கசடுதான் அமாங். முதலில் அதைக் குவித்துப் போட்டார்கள். பிறகு அதற்கும் வாங்க ஆள் வந்தார்கள். பேராக்கிலும் சிலாங்கூரிலும் அமாங் கொட்டகைகள் எழுந்தன.

கொட்டகையில் நடப்பது ஒரு குணச்சோதனை. உலர்ந்த மணலைக் காந்தத்துக்கும் மின்சாரத்துக்கும் காட்டுவார்கள். ஈய மணி மின்சாரத்தைக் கடத்தும், காந்தத்துக்கு மசியாது. இல்மனைட் இரண்டுக்கும் மசியும். சிர்க்கான் இரண்டுக்கும் மசியாது. மோனசைட்டும் செனோடைமும் பலமான காந்தம் இழுத்தால் அரை மனதோடு திரும்பும். இப்படித்தான் ஒரே குவியல் ஐந்து மூட்டையாகும். இல்மனைட் வெள்ளைச் சாயத்துக்குப் போனது. சிர்க்கான் பீங்கானுக்கும் தரை ஓட்டுக்கும் போனது. மோனசைட், செனோடைம் மூட்டைகளில் பெரும் பணமும் பெரும் வில்லங்கமும் சேர்ந்து இருந்தன.

மோனசைட்டில் சீரியம், லந்தானம், நியோடிமியம் என்னும் அரிய தனிமங்கள் உண்டு. செனோடைமில் இட்ரியம், டிஸ்புரோசியம் உண்டு. கூடவே தோரியம் என்னும் கதிரியக்கப் பொருளும் குடியிருக்கிறது. மலேசிய மோனசைட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய ஆறேழு பங்கு தோரியம். கொட்டகையில் எழும் தூசியைச் சுவாசிப்பவர் அதையும் சேர்த்துச் சுவாசிக்கிறார். அணுசக்தி உரிமச் சட்டம் 1984இல்தான் வந்தது. மணலை அள்ளத் தொடங்கியது அதற்கு வெகு முன்பு.

பெட்ரோமாக்ஸ் வெளிச்சம்

இந்த மணலின் அண்ணன் ஒருவன் நம் மூதாதையர் புறப்பட்டு வந்த தமிழ்க் கரையிலேயே கிடந்தான். அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த மணவாளக்குறிச்சியிலிருந்து ஜெர்மனிக்குப் போன தேங்காய் நாரில் பளபளக்கும் மணல் ஒட்டியிருந்தது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அதை மோனசைட் என்று கண்டுகொண்டு, தேடிக்கொண்டு அந்தக் கடற்கரைக்கே வந்து சேர்ந்தார். முதலாம் உலகப்போர் மூண்டதும் ஆங்கிலேயர் அவரைக் கைது செய்தார்கள். மணல் கைமாறியது. ஒரு கனிமத்துக்காக வல்லரசுகள் மல்லுக்கட்டுவது நேற்று முளைத்த வழக்கமில்லை.

அன்று மோனசைட் எதற்கு? விளக்குக்கு. ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக், தோரியத்தில் துளி சீரியம் கலந்து நனைத்த நூல்வலையைத் தீயில் காட்டினால் வெள்ளையாய் ஒளிரும் என்று 1891 வாக்கில் கண்டார். பெட்ரோமாக்ஸ் விளக்கில் தொங்கும் மேண்டில் அதுதான். மின்சாரம் எட்டாத தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாவும் கல்யாணப் பந்தலும் நாடக மேடையும் அந்த வெளிச்சத்தில்தான் நடந்தன. மண்ணெண்ணெய்ப் புகைக்குள் வாழ்ந்த லயத்துக்கு முதல் வெள்ளை வெளிச்சத்தைத் தந்தது கரிய மணல்.

இந்தியா விடுதலை பெற்றதும் முதலில் கைவைத்த கனிமங்களுள் மோனசைட்டும் ஒன்று. அதை அப்படியே கப்பலேற்ற விடாமல் தடுத்தார்கள். 1950இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் பிறந்தது. 1952இல் ஆலுவாவில் ஆலை ஓடியது. 1956இல் குமரி தமிழகத்தோடு இணைந்தபோது மணவாளக்குறிச்சி மணலும் கூடவே வந்தது. கனிமத்தை மூலப்பொருளாக விற்காதே, பக்குவப்படுத்தி விற்றுக்கொள் என்னும் யோசனைக்கு அந்தக் கரையில் எழுபது வயதுக்கு மேலாகிறது.

புக்கிட் மேரா

வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது திரையில் சிவப்பு தெரிய இட்ரியமும் யூரோப்பியமும் வேண்டியிருந்தன. அமாங்குக்கு மறுபடி மவுசு. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் பங்காளியாக இருந்த ஏசியன் ரேர் எர்த் நிறுவனம் 1979இல் தொடங்கப்பட்டு, 1982இல் ஈப்போ அருகே புக்கிட் மேராவில் மோனசைட்டைப் பிரிக்கத் தொடங்கியது. பிரித்தெடுத்தது ஜப்பானுக்குப் போனது. மிச்சம் தோரியக் கழிவு. அதை வைக்க முதலில் பாரிட்டைப் பார்த்தார்கள், ஊர் எதிர்த்தது. 1984இல் பாப்பானைப் பார்த்தார்கள், அந்த ஊரும் எழுந்து நின்றது.

1985 பிப்ரவரியில் புக்கிட் மேரா மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். குழந்தைகளுக்கு வந்த ரத்தப் புற்றுநோய்க்கும் பிறவிக் குறைகளுக்கும் ஆலையே காரணம் என்றார்கள். நிறுவனம் மறுத்தது. அக்டோபரில் நீதிமன்றம் தடை விதித்தது. அவர்களுக்குத் துணை நின்றவர்களில் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் எஸ். எம். முகமட் இத்ரிஸ் முக்கியமானவர். மக்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் மீனாட்சி ராமன் 1987இல் லாலாங் நடவடிக்கை என்ற பெயரில் அரசு நடத்திய கைது வேட்டையில் பிடிபட்டார். 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் 1994 ஜனவரியில் நிறுவனமே ஆலையை மூடிவிட்டது.

மூடியதோடு முடியவில்லை. ஆலையின் அடிமண்ணைப் பாறை தட்டும் வரை தோண்டி எடுத்தார்கள். 2011க்குள் 11,000 லாரி அளவு மண்ணும் இடிபாடும் அகன்றன. அருகிலிருந்த ஒரு குன்றின் தலையைச் சீவி, அதன் வயிற்றில் அவற்றைப் புதைத்துக் களிமண்ணாலும் கருங்கல்லாலும் மூடினார்கள். 80,000க்கும் மேற்பட்ட இரும்புப் பீப்பாய்களில் கதிரியக்கக் கழிவு இருந்தது. தோரியத்தின் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு.

ஈயமும் இதற்கிடையே விழுந்தது. விலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த அனைத்துலக ஈய மன்றம் 1985 அக்டோபர் 24 அன்று பணம் தீர்ந்து கைவிரித்தது. விலை பாதியானது. நூற்றுக்கணக்கான சுரங்கங்கள் மூடின. பெர்ஜுந்தைக் கப்பல்களும் ஓய்ந்தன. ஈயம் தோண்டுவது நின்றால் அமாங்கும் வராது.

காந்தம்

அமாங் இங்கே மதிப்பிழந்த அதே காலத்தில் வேறொரு இடத்தில் அதன் விதி எழுதப்பட்டது. நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றையும் சேர்த்தால் அதுவரை கண்டிராத வலுவான காந்தம் கிடைக்கும் என்று 1983இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அறிவித்தார்கள். இன்று மின்சார வண்டியின் மோட்டாருக்குள் இந்தக் காந்தம் ஒன்றிரண்டு கிலோ இருக்கிறது. பெரிய காற்றாலைகளில் இது டன் கணக்கில் போகிறது. மோட்டார் சூடேறும்போது காந்தம் வலுவிழக்காமல் இருக்கச் சிறிது டிஸ்புரோசியம் சேர்க்கிறார்கள்.

இந்தக் காந்தத்தின் மூலப்பொருளைப் பிரிக்கும் வேலையை மற்ற நாடுகள் கைவிட்டன. கழிவு அதிகம், எதிர்ப்பு அதிகம், லாபம் குறைவு. அமெரிக்காவின் மவுண்டன் பாஸ் சுரங்கம் 2002இல் மூடியது. சீனா சலிக்காமல் செய்தது. 2010இல் உலக உற்பத்தியில் 97 விழுக்காடு அதன் கையில் இருந்தது. அந்தச் செப்டம்பரில் சென்காகு தீவுகளுக்கருகே சீன மீன்பிடிப் படகு ஜப்பானியக் காவல் கப்பல்களோடு மோதியது. சில நாட்களில் அரிய மண் என்று சொல்லப்படும் இந்தத் தனிமங்கள் ஜப்பானுக்குப் போவது நின்றது. ஒரு மூட்டைப் பொடி துப்பாக்கி செய்யாத வேலையைச் செய்யும் என்று உலகம் கண்டுகொண்டது அப்போதுதான்.

பயந்துபோன ஜப்பான் 2011இல் ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்துக்கு 25 கோடி டாலர் கொடுத்துத் தூக்கிவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டில் தோண்டும் தாதுவை லைனாஸ் பிரிக்கத் தேர்ந்தெடுத்த இடம் பகாங்கின் குவாந்தானை அடுத்த கெபெங். ஆலை 2012இன் இறுதியில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் அதை எதிர்த்து மக்கள் குவாந்தானிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நடந்தே வந்தார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது புக்கிட் மேரா. நிறுவனம் தன் கழிவின் கதிரியக்கம் மிகக் குறைவு என்றது. மக்கள் அந்தக் கழிவு எங்கே நிரந்தரமாகக் கிடக்கும் என்று கேட்டார்கள்.

2025 ஏப்ரலில் சீனா டிஸ்புரோசியம், டெர்பியம், இட்ரியம் உள்ளிட்ட ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றது. சில வாரங்களிலேயே உலகின் பல கார் ஆலைகள் காந்தமில்லாமல் தடுமாறின. மே மாதம் கெபெங் ஆலை டிஸ்புரோசியத்தைப் பிரித்தெடுத்துவிட்டதாக அறிவித்தது. சீனாவுக்கு வெளியே வணிக அளவில் இதைச் செய்யும் ஆலை நம் நாட்டில் இருக்கிறது. அக்டோபர் 26ஆம் நாள் கோலாலம்பூரில் மலேசியப் பிரதமரும் அமெரிக்க அதிபரும் முக்கியக் கனிமங்கள் குறித்துப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அரிய மண்ணை மூலப்பொருளாக ஏற்றுமதி செய்வதற்கு 2024 முதல் நம் நாட்டில் தடை இருக்கிறது. மணவாளக்குறிச்சியில் பிறந்த அந்தப் பழைய யோசனையேதான்.

ஈயமும் திரும்பி வந்திருக்கிறது. உலகில் விற்கும் ஈயத்தில் ஏறக்குறைய பாதி பற்றவைக்கப் போகிறது. சூரியத் தகட்டின் ஒவ்வொரு கண்ணியையும் இணைப்பது ஈயம் பூசிய செம்புப் பட்டை. மியான்மாரின் வா பகுதி 2023 ஆகஸ்டு முதல் சுரங்கங்களை நிறுத்தப்போவதாக அறிவித்ததும் விலை குதித்தது. 2025 மார்ச்சில் காங்கோவில் போர் நெருங்கி பிசி சுரங்கம் மூடியபோதும் அப்படியே. பட்டர்வொர்த்தில் இருந்த ஈய உலை இப்போது சிலாங்கூரின் புலாவ் இண்டாவுக்கு வந்துவிட்டது.

மிச்சத்தின் கணக்கு

இப்போது பெர்ஜுந்தைக்குத் திரும்புவோம். 2014இல் கடும் வறட்சி. கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்கள் காய்ந்தபோது, அரசு இந்த ஈயக்குட்டைகளிலிருந்து தண்ணீரை இறைத்துச் சிலாங்கூர் ஆற்றில் விட்டது. ஆபத்துக் காலத்துக்கான நீர்த்தேக்கமாக அந்தக் குட்டைகள் பின்னர் முறையாகவே இணைக்கப்பட்டன. அந்த ஆறுதான் கீழே கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினி மினுங்கும் ஆறு. ஈயம் எடுத்தவர்கள் விட்டுச்சென்ற பள்ளத்தின் தண்ணீரை லட்சக்கணக்கானோர் குடிக்கிறோம். ஆகவே குட்டையின் அடியில் என்ன கிடக்கிறது, தண்ணீரில் என்ன கரைகிறது என்று விடாமல் அளந்துபார்ப்பதும் அளந்ததை ஊருக்குச் சொல்வதும் கட்டாயமாகின்றன.

அடுத்த அத்தியாயம் களிமண்ணில் எழுதப்படுகிறது. கதிரியக்கம் இல்லாத அரிய மண் 1 கோடியே 61 லட்சம் டன் நம் நாட்டில் இருக்கிறது என்பது அரசின் மதிப்பீடு. பேராக்கின் கெனெரிங்கில் 2022 முதல் முன்னோடித் திட்டமாக எடுக்கிறார்கள். மலையில் துளையிட்டு உப்புக் கரைசலை ஊற்றி, அது தனிமங்களைக் கரைத்துக்கொண்டு கீழே வடியும்போது பிடித்துக்கொள்ளும் முறை இது. கெனெரிங்கின் தண்ணீர் புரோங் வயலுக்கு வராது. ஆனால் வாய்க்காலை நம்பி நாற்று நடுகிறவருக்கு, மலையில் ஊற்றுவது எங்கேயாவது ஒரு வயலில்தான் வந்து இறங்கும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இந்தத் தொழிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிலக்கரிப் புகை குறைய வேண்டும். மழை தப்பிப் பெய்து நெல் கெடுவதைக் கடற்கரை வயல்கள் ஏற்கெனவே காண்கின்றன. காந்தமும் ஈயமும் வேண்டும். நான் கேட்பது கணக்கு. ஒரு கிலோ டிஸ்புரோசியத்தின் விலைச் சீட்டில் கழிவை எங்கே, எத்தனை காலம், யார் செலவில் வைப்பது என்பதும் ஏற வேண்டும். தோண்டுவதற்கு முன் ஏற வேண்டும். புக்கிட் மேராவில் அதை ஆலை மூடிய பிறகு எழுதினார்கள். அந்தப் பட்டியலில் ஊர் மக்கள் அலைந்த நீதிமன்றப் படிகளும் பெற்றோர் கழித்த மருத்துவமனை இரவுகளும் இல்லவே இல்லை.

தோட்டத்து மக்களுக்கு இது புதிதாகக் கற்கவேண்டிய பாடமில்லை. கித்தா விலை விழுந்தபோதும், தோட்டம் கைமாறி வீட்டுமனையானபோதும், பால் வெட்டியவர்கள் தாங்கள் மிச்சமாகிப்போனதை உணர்ந்தார்கள். மரத்தின் வயதுக்கும் மண்ணின் விலைக்கும் கணக்கு இருந்தது. லயத்தில் மூன்று தலைமுறை இருந்ததற்கு மட்டும் கணக்கு இல்லாமல் போனது. அதனால்தான் ஒதுக்கிவைத்த மணலின் கதை எங்களுக்கு ஊர்க்கதையாகத் தெரிகிறது.

ஈயச் செம்பு உருகும் என்பது நம் பாட்டிமாருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால் ரசம் வைப்பதை நிறுத்தவில்லை. தண்ணீரை முதலில் ஊற்றினார்கள், பிறகு தீ மூட்டினார்கள். அந்த வரிசையைத்தான் அமாங் விஷயத்தில் நாம் ஒரு நூற்றாண்டாகத் தலைகீழாகச் செய்துவந்தோம். அடுத்த மலையில் துளையிடும் முன்பு அதை நேராக்கிக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது.